திறந்திருக்கும் வீடு: இங்கிலாந்துக் கிராமத்து பப் பற்றி ஓர் அறிமுகம்

இங்கிலாந்தின் பெர்க்ஷர் பகுதியில் ஆல்ட்வொர்த் என்ற சிற்றூர் இருக்கிறது. அங்கே ‘பெல் இன்’ என்றொரு பழைய பப். முதல் முறையாக அதற்குள் நுழைபவர் புட்டிகள் அடுக்கிய நீண்ட மேடையைத் தேடுவார். அப்படி எதுவும் அங்கே கிடையாது. சுவரில் கண்ணாடிச் சட்டம் பொருத்திய சிறிய திறப்பு ஒன்றுதான் உண்டு. அதன் முன்னால் நின்று வேண்டியதைச் சொன்னால், அடுக்களையிலிருந்து வீட்டுக்காரர் எடுத்துத் தருவதைப் போல உள்ளேயிருந்து ஒரு கை கோப்பையை நீட்டும். ஏறத்தாழ 250 ஆண்டுகளாக ஒரே குடும்பம் அந்த பப்பை நடத்தி வருகிறது. பார்லியிலிருந்து காய்ச்சும் ஏல் என்ற மதுவின் பாரம்பரிய வகைகளைக் காக்கப் பாடுபடும் காம்ரா என்ற நுகர்வோர் இயக்கம், 1990இலும் 2019இலும் நாட்டின் சிறந்த பப் என்று அதைத் தேர்ந்தெடுத்தது.

நம்மில் பலருக்கு ‘பப்’ என்றதும் பெருநகரத்து இரவு, காதைப் பிளக்கும் இசை, சுழலும் வண்ண விளக்குகள் ஆகியவையே நினைவுக்கு வரும். இங்கிலாந்துக் கிராமத்து பப்புக்கும் அதற்கும் பெயரில் மட்டுமே உறவு. ‘பப்ளிக் ஹவுஸ்’ என்பதன் சுருக்கமே பப். அதாவது பொது வீடு. ஒருவர் குடியிருக்கும் வீட்டின் முன்னறையை ஊருக்குத் திறந்து வைத்ததில் தொடங்கியது அது. நடத்துபவரை இன்றும் ‘லேண்ட்லார்ட்’ என்றோ ‘லேண்ட்லேடி’ என்றோதான் சொல்கிறார்கள். வீட்டுக்காரர், வீட்டுக்காரம்மா என்று பொருள். அவர்களில் பலர் இன்றும் அதே கட்டடத்தின் மாடியில்தான் வசிக்கிறார்கள். இது வீடு என்பதை மனத்தில் வைத்துக்கொண்டால் பப்பின் வரலாறும் பழக்கவழக்கங்களும் எளிதாகப் புரிந்துவிடும்.

பழைய இங்கிலாந்தில் மது கிடைக்கும் இடங்கள் மூன்று வகையாக இருந்தன. பயணிகள் தங்கிச் செல்லும் சத்திரத்துக்கு ‘இன்’ என்று பெயர். நகரத்தில் வசதியானவர்கள் திராட்சை மது அருந்திய இடம் ‘டாவர்ன்’. ஊர்க்காரர்கள் ஏல் குடிக்கக் கூடிய இடம் ‘ஏல்ஹவுஸ்’. கிராமத்து பப்பின் நேரடி மூதாதை இந்த மூன்றாவது வகைதான். காலப்போக்கில் மூன்றும் கலந்துவிட்டன. அதனால் இன்று ‘இன்’ என்று பலகை தொங்கும் பல இடங்களில் தங்குவதற்கு அறை இருக்காது.

ஏல்ஹவுஸ் எப்படித் தோன்றியது? இடைக்கால இங்கிலாந்தில் ஏல் காய்ச்சுவது சமையலைப் போல அன்றாட வீட்டு வேலை. பார்லியை முளைகட்டி உலர்த்தி, வெந்நீரில் ஊறவைத்து, அந்தச் சாற்றை ஈஸ்ட் கொண்டு நொதிக்கவைத்தால் ஏல். பெரும்பாலும் பெண்களே இதைச் செய்தார்கள். ஏல் சில நாட்களில் புளித்துவிடும். ஆகவே ஒரு வீட்டில் காய்ச்சியது வீட்டுத் தேவைக்கு மேல் மிஞ்சினால், வாசலில் ஒரு நீண்ட கழியை நீட்டி அதன் நுனியில் தழைக்கொத்தைக் கட்டிவிடுவார்கள். ‘இன்று எங்கள் வீட்டில் ஏல் இருக்கிறது’ என்பதற்கு அதுதான் அடையாளம். பார்த்தவர்கள் உள்ளே வந்து, இருக்கும் பெஞ்சில் அமர்ந்து குடித்துவிட்டுக் காசு கொடுத்துப் போவார்கள். ஏல் தீர்ந்ததும் கழியை எடுத்துவிடுவார்கள். வீடு பழையபடி வீடாகிவிடும்.

காய்ச்சும் பெண்ணை ‘ப்ரூஸ்டர்’ என்று அழைத்தார்கள். அந்தச் சொல் பிற்காலத்திலும் மறையவில்லை. மது உரிமங்களை ஆண்டுதோறும் பரிசீலிக்க நீதிபதிகள் கூடிய அமர்வுக்கு ‘ப்ரூஸ்டர் அமர்வு’ என்ற பெயர் இருபதாம் நூற்றாண்டிலும் வழங்கியது. தொழில் பெரும் ஆலை முதலாளிகளின் கைக்குப் போய் நெடுங்காலம் ஆன பின்னும், அதைத் தொடங்கிய பெண்களின் பெயர் அரசு ஆவணத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது எனக்கு நெகிழ்ச்சியான செய்தி.

பதின்மூன்றாம் நூற்றாண்டிலேயே ரொட்டிக்கும் ஏலுக்கும் விலையையும் தரத்தையும் வரையறுத்துச் சட்டம் வந்துவிட்டது. ஏலைச் சுவைத்துப் பார்த்துச் சான்று தர ஊர்தோறும் ஆட்கள் அமர்த்தப்பட்டார்கள். பதினைந்தாம் நூற்றாண்டு வாக்கில் ஐரோப்பாவின் தாழ்நிலப் பகுதிகளிலிருந்து (இன்றைய நெதர்லாந்து, பெல்ஜியம் பக்கம்) ஹாப்ஸ் வந்து சேர்ந்தது. ஹாப்ஸ் என்பது ஒரு கொடியின் பூங்கொத்து. அது கசப்பையும் மணத்தையும் தருவதோடு பானம் கெடாமலும் காக்கிறது. ஹாப்ஸ் சேர்த்ததைத்தான் முதலில் ‘பீர்’ என்றார்கள், சேர்க்காதது ஏல். பின்னாளில் அந்த வேறுபாடு மங்கிவிட்டது. ஹாப்ஸ் மிகுதியாகச் சேர்த்த வெளிர்நிற ஏல் பல மாதக் கடல் பயணத்தையும் தாங்கும் என்பதால், கிழக்கிந்தியக் கம்பெனிக் காலத்தில் கல்கத்தாவுக்கும் மதராசுக்கும் பீப்பாய் பீப்பாயாகக் கப்பலேறியது. அதன் நினைவாக ‘இந்தியா பேல் ஏல்’ என்ற பெயரை இன்றும் எந்த பப்பிலும் பார்க்கலாம்.

கெடாத பானம் வந்ததும் தொழிலின் போக்கு மாறியது. காய்ச்சியதை உடனே விற்றுத் தீர்க்கும் அவசரம் இல்லை. சேமிக்கலாம், தொலைவுக்கு அனுப்பலாம். முதல் உள்ளவர்கள் ஆலை வைத்தார்கள். வீட்டுப் பெண்கள் மெல்ல ஓரம் கட்டப்பட்டார்கள். 1552இல் வந்த சட்டத்தின்படி ஏல்ஹவுஸ் நடத்த வட்டார நீதிபதிகளிடம் உரிமம் பெற வேண்டியதாயிற்று. இன்றுள்ள உரிம முறைக்கு வேர் அங்கேதான் இருக்கிறது.

பலகைகளைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். 1393இல் மன்னர் இரண்டாம் ரிச்சர்டு காலத்தில் ஏல் விற்போர் வாசலில் அடையாளம் தொங்கவிடுவது கட்டாயமாக்கப்பட்டது. அன்று பெரும்பாலானோருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆகவே எழுத்துக்குப் பதில் படம். ரிச்சர்டின் சின்னம் வெள்ளைக் கலைமான். ‘வொய்ட் ஹார்ட்’ என்ற பெயருள்ள பப்கள் நாடெங்கும் இருப்பது அதனால்தான். ஏர், கதிர்க்கட்டு, நரியும் வேட்டை நாய்களும் என்று உழவையும் ஊர் வாழ்வையும் காட்டும் பெயர்களும் ஏராளம்.

‘ராயல் ஓக்’ என்ற பெயருக்குப் பின்னால் ஒரு நாள் முழுக்க மரத்தில் ஒளிந்திருந்த மன்னரின் கதை இருக்கிறது. 1651இல் வூஸ்டர் போரில் தோற்ற இரண்டாம் சார்லஸ், தேடி வந்த படைவீரர்களிடமிருந்து தப்ப பாஸ்கோபல் என்ற இடத்தில் ஒரு கருவாலி மரத்தின் கிளைகளுக்கிடையில் பதுங்கியிருந்தார். 1660இல் அவர் மீண்டும் அரியணை ஏறியபோது அந்த மரம் பப் பலகைகளில் இடம்பிடித்தது. ‘மார்க்விஸ் ஆஃப் கிரான்பி’ என்ற பெயர் பதினெட்டாம் நூற்றாண்டுத் தளபதி ஜான் மேனர்ஸ் என்பவருடையது. போரில் அடிபட்டு வேலை இழந்த தம் வீரர்கள் பப் தொடங்க அவர் பணம் கொடுத்து உதவினார் என்றும், அந்த நன்றிக்காகவே அவர்கள் அவர் பெயரை வைத்தார்கள் என்றும் சொல்லி வருகிறார்கள். ஒரு கிராமத்துப் பலகையை நின்று பார்த்தால் அந்த நாட்டு வரலாற்றில் ஒரு பக்கத்தைப் படித்துவிடலாம்.

கிராமங்களில் பப்கள் பெருகியதற்குப் பெரிய காரணம் 1830ஆம் ஆண்டின் பீர்ஹவுஸ் சட்டம். பதினெட்டாம் நூற்றாண்டில் ஜின் என்ற மலிவான கடும் மது லண்டன் ஏழைகளைச் சீரழித்திருந்தது. அந்த நினைவு அரசுக்கு மறையவில்லை. ஜின்னை விட பீர் தீங்கு குறைந்தது என்று கருதினார்கள். பெரும் ஆலைகளின் ஆதிக்கத்தை உடைக்கும் எண்ணமும் சேர்ந்துகொண்டது. வரி கட்டும் எந்த வீட்டுக்காரரும் ஆண்டுக்கு இரண்டு கினி (அக்கால ஆங்கிலப் பண அலகு) கட்டி உரிமம் வாங்கித் தம் வீட்டிலேயே பீர் காய்ச்சி விற்கலாம் என்று சட்டம் சொன்னது. நீதிபதியிடம் போகத் தேவையில்லை. ஆயிரக்கணக்கான வீடுகளின் முன்னறைகள் பீர்ஹவுஸ் ஆயின. பகலில் தச்சு வேலையோ கொல்லு வேலையோ பார்த்தவர் மாலையில் பீர் விற்றார். 1869இல் அரசு மனம் மாறி உரிமத்தை மீண்டும் நீதிபதிகளிடம் ஒப்படைத்தது. ஆனால் அதற்குள் முளைத்த சின்னஞ்சிறு பப்களில் பல நிலைத்துவிட்டன. இன்று கிராமத்துத் தெருவில் மற்ற வீடுகளோடு வீடாக ஒரு பப் ஒட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்தால், பல இடங்களில் அது இந்தக் காலத்து வாரிசாகவே இருக்கும்.

நாம் படங்களில் பார்க்கும் பார் மேடையும் பத்தொன்பதாம் நூற்றாண்டில் பரவியதுதான். அதற்கு முன் வீட்டுக்காரர் நிலவறைக்கோ பின்னறைக்கோ போய்ப் பீப்பாயிலிருந்து ஜாடியில் பிடித்து வந்து ஊற்றுவார். நிலவறையிலிருந்து பீரை மேலே இழுக்கும் கைப்பம்புக்கு 1797இல் ஜோசப் பிரமா காப்புரிமை பெற்றார். பம்பு வந்ததும் ஒரே இடத்தில் நின்று விரைவாக ஊற்ற முடிந்தது. அந்த இடத்தில் மேடை எழுந்தது.

மேடையோடு அறைப் பிரிவினைகளும் வந்தன. உழைப்பாளிகள் அழுக்குக் காலணியோடு வந்து உட்கார ‘பப்ளிக் பார்’. தரை கல்லோ வெற்றுப் பலகையோ. மெத்தை இருக்கையும் கம்பளமும் உள்ளது ‘சலூன்’. அங்கே அதே பீருக்கு விலை சற்றுக் கூடுதல். பிறர் கண்ணில் படாமல் அமர விரும்பியவர்களுக்கு, குறிப்பாகப் பெண்களுக்கு, ‘ஸ்னக்’ என்ற குட்டி அறை. ஒரே கூரையின் கீழ் ஆங்கிலேயரின் வர்க்க வேற்றுமை முழுவதும் இருந்தது. பப் அனைவரையும் சமமாக்கியது என்று புகழ்பவர்கள் இந்தத் தடுப்புச் சுவர்களை மறந்துவிடுகிறார்கள். இன்று பெரும்பாலான இடங்களில் அவற்றை இடித்து ஒரே கூடமாக்கிவிட்டார்கள்.

மேடையே வராத பப்கள் சில மட்டும் தப்பிப் பிழைத்தன. ‘பார்லர் பப்’ என்பார்கள். டெவன் பகுதியில் ட்ரூஸ்டெய்ன்டன் என்ற ஊரிலுள்ள ‘ட்ரூ ஆர்ம்ஸ்’ அப்படிப்பட்டது. அதை 75 ஆண்டுகள் நடத்திய மேபல் மட்ஜ், 1994இல் ஓய்வு பெற்றபோது அவருக்கு வயது 99. ஹியர்ஃபோர்ட்ஷரில் லைன்ட்வர்டைன் ஊரின் ‘சன் இன்’ மற்றொன்று. அதன் வீட்டுக்காரம்மா ஃப்ளாசி லேன் 2009இல் தம் 94ஆம் வயதில் காலமானார். அங்கே பீப்பாய்கள் அவருடைய சமையலறையில்தான் இருந்தன. வந்தவர்கள் அவரோடு முன்னறையில் உட்கார்ந்து பேசினார்கள். தழைக்கொத்து கட்டிய கழியை வாசலில் நீட்டிய அந்த இடைக்காலப் பெண்ணுக்கும் இவர்களுக்கும் இடையே அறுநூறு ஆண்டுகள். செய்த வேலை கிட்டத்தட்ட ஒன்றேதான்.

இனி பானத்துக்கு வருவோம், ஏனென்றால் கிராமத்து பப்பின் கைத்திறமை அங்கேதான் இருக்கிறது. புட்டியிலும் உலோகக் கலனிலும் வரும் பெரும்பாலான பீர், ஆலையிலேயே வடிகட்டப்பட்டு ஈஸ்ட் நீக்கப்பட்டு வருகிறது. ‘காஸ்க் ஏல்’ அப்படியல்ல. பீப்பாய்க்குள் ஈஸ்ட் உயிரோடு இருக்கும். ஆலையை விட்டு வந்த பிறகும் உள்ளே நொதித்தல் தொடரும். அதைக் குடிக்கும் பதத்துக்குக் கொண்டுவருவது பப்காரரின் பொறுப்பு.

பீப்பாய் நிலவறையில் ஒரு தாங்கியில் படுக்கவைக்கப்படுகிறது. அசையக் கூடாது. மேற்புற அடைப்பில் மென்மையான மரத்தால் ஆன சிறு முளையைத் தட்டி இறக்குவார்கள். அந்த மரத்தின் நுண்துளைகள் வழியே மிகையான வாயு நுரைத்துக் கசியும். நுரை அடங்கியதும் மென்முளையை எடுத்துவிட்டுக் கெட்டி மரமுளையை அடிப்பார்கள். இனி மீதி வாயு உள்ளேயே தங்கிப் பானத்துக்கு உயிர் கொடுக்கும். பீப்பாயில் கலந்திருக்கும் மீன் காற்றுப்பைச் சத்து, மிதக்கும் ஈஸ்டை இழுத்து அடியில் படியவைக்கும். ஓரிரு நாளில் கலங்கல் தெளிந்துவிடும். பிறகு முன்பக்க அடைப்பில் குழாயை வைத்து மரச்சுத்தியால் ஒரே அடி. தயங்கி அடித்தால் பீர் முகத்தில் பீய்ச்சும். நிலவறையின் குளிர் 11 முதல் 13 டிகிரி செல்சியஸ் வரை இருக்க வேண்டும். ‘ஆங்கிலேயர் வெதுவெதுப்பான பீர் குடிப்பவர்கள்’ என்ற பேச்சு தவறு. அது கிணற்று நீரின் குளுமை.

பீப்பாயைத் திறந்ததும் காற்று நுழைகிறது. ஏறத்தாழ மூன்று நாட்களுக்குள் விற்றுத் தீர்க்க வேண்டும், பிறகு சுவை கெட்டுவிடும். 9 காலன் கொள்ளும் சிறு பீப்பாய்க்கு ‘ஃபர்கின்’ என்று பெயர். அதில் 72 பைன்ட் பிடிக்கும். ஒரு பைன்ட் 568 மில்லிலிட்டர். ஆகவே மூன்று நாளில் எழுபது கோப்பை விற்குமா, எத்தனை வகை ஏலைத் திறக்கலாம் என்று சிறிய ஊரின் பப்காரர் தினமும் கணக்குப் போட வேண்டும். இந்தத் தொல்லையே வேண்டாம் என்று 1960களில் பெரும் ஆலைகள் வாயு அடைத்த கலன் பீரை எங்கும் திணித்தன. அதை எதிர்த்து 1971இல் நான்கு நண்பர்கள் தொடங்கியதுதான் முன்பு சொன்ன காம்ரா இயக்கம். சாதாரணக் குடிமக்கள் ஒரு கைத்தொழிலைக் காப்பாற்றிய அரிய நிகழ்வு அது.

புதிதாகப் போகிறவர் தெரிந்துகொள்ள வேண்டிய வழக்கங்கள் சில உண்டு. மேசையில் உட்கார்ந்து காத்திருந்தால் பொதுவாக யாரும் வரமாட்டார்கள். நாமே மேடைக்குப் போய்க் கேட்டு, காசு கொடுத்து, கோப்பையைத் தூக்கி வர வேண்டும். மேடையில் வரிசை இருப்பதாகத் தெரியாது. ஆனால் யார் முதலில் வந்தார், யார் அடுத்து என்பது நிற்பவர்கள் எல்லோருக்கும் தெரியும். முந்திக்கொள்வது பெரிய அவமரியாதை. நண்பர்களாகப் போனால் ஆளாளுக்குத் தனித்தனியாக வாங்குவதில்லை. ஒரு சுற்றுக்கு ஒருவர் எல்லோருக்கும் வாங்குவார், அடுத்த சுற்று அடுத்தவருடையது. குடிக்காதவர் எலுமிச்சைச் சாறோ தேநீரோ கேட்கலாம். அதை யாரும் வித்தியாசமாகப் பார்ப்பதில்லை. அன்பளிப்பாகச் சில்லறை வைப்பதை விட, ‘உங்களுக்கும் ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள்’ என்று சொல்வதே பழைய மரியாதை. வீட்டுக்காரருக்கு யாராவது டிப்ஸ் கொடுப்பார்களா?

இரவில் மணி அடிக்கும். முதல் மணிக்கு ‘கடைசி ஆர்டர்’ என்று பொருள். அடுத்த மணிக்கு நேரம் முடிந்தது. இந்த நேரக் கட்டுப்பாட்டின் பின்னணி முதல் உலகப் போர். ஆயுதத் தொழிற்சாலை ஊழியர்கள் குடித்துவிட்டு வேலையைக் கெடுக்கிறார்கள் என்ற கவலையில் 1915இல் பப்களின் நேரம் சுருக்கப்பட்டது. பிற்பகலில் கட்டாயமாக மூட வேண்டும் என்ற விதி, போர் முடிந்து எழுபது ஆண்டுகள் நீடித்து, 1988இல்தான் தளர்ந்தது.

நகரத்தில் ஒரு பப் மூடினால் அடுத்த தெருவில் இன்னொன்று இருக்கும். கிராமத்தில் அப்படியில்லை. ஊரில் தேவாலயம், பள்ளி, பப் மூன்றும்தான் பொது இடங்கள். முற்காலத்தில் ஏலம், மரண விசாரணை, உழைப்பாளர் நலநிதிச் சங்கக் கூட்டம் எல்லாம் பப்பில் நடந்தன. இன்று டார்ட்ஸ் போட்டி, டோமினோ, வினாடி வினா, ஞாயிறு மதியச் சாப்பாடு. கணப்பு அருகே ஈரக் காலணியோடு நடைப்பயணிகள், அவர்கள் காலடியில் சுருண்டு கிடக்கும் நாய். நார்த் யார்க்ஷரின் மேட்டுநிலத்தில், கடல்மட்டத்துக்கு 528 மீட்டர் உயரத்தில் ‘டான் ஹில் இன்’ இருக்கிறது. பிரிட்டனிலேயே மிக உயரமான பப் அதுதான். 2021 நவம்பரில் ஆர்வென் புயலின்போது பாட்டுக் கச்சேரி கேட்க வந்த அறுபது பேர் அளவில் பனிப்பொழிவில் அங்கேயே மாட்டிக்கொண்டார்கள். மூன்று இரவுகள் தரையில் படுத்து, சேர்ந்து சாப்பிட்டு, பாடி, வினாடி வினா நடத்திப் பொழுதைக் கழித்தார்கள்.

இத்தகைய இடங்கள் மறைந்து வருகின்றன. 1967இல் சாலைப் பாதுகாப்புச் சட்டம் ஓட்டுநரின் மூச்சுச் சோதனையைக் கொண்டு வந்தது. உயிர்களைக் காத்த நல்ல சட்டம்தான். ஆனால் பஸ் வராத ஊர்களின் பப்களுக்கு வாடிக்கையாளர் குறைந்தார்கள். 2007 ஜூலை 1 முதல் உள்ளே புகைபிடிக்கத் தடை வந்தது. பேரங்காடிகளில் பீர் மலிவாகக் கிடைத்தது. இவற்றையெல்லாம் விடப் பெரிய பகை நில மதிப்பு என்பது என் கருத்து. அழகான ஊரில் அழகான பழைய கட்டடம், பப்பாக இருப்பதை விடக் குடியிருப்பாக விற்றால் கூடுதல் பணம். ‘பழைய பப்’ என்று வீட்டுக்குப் பெயர் வைத்துப் பூட்டிக்கொண்ட கதவுகள் அந்நாட்டு ஊர்களில் எத்தனையோ.

ஊர்க்காரர்கள் சும்மா இருக்கவில்லை. 2011இன் உள்ளாட்சிச் சட்டம் ஒரு வழி தந்தது. பப்பைச் சமூக மதிப்புள்ள சொத்து என்று பதிவு செய்துவிட்டால், உரிமையாளர் விற்க முன்வரும்போது ஊர் மக்கள் பணம் திரட்ட ஆறு மாதம் அவகாசம் கேட்கலாம். 2017 முதல் திட்ட அனுமதி இல்லாமல் பப்பை இடிக்கவோ வேறு பயனுக்கு மாற்றவோ முடியாது.

சட்டம் வருவதற்கு முன்பே ஓர் ஊர் வழிகாட்டிவிட்டது. கம்பிரியாவின் ஹெஸ்கெட் நியூமார்க்கெட்டில் ‘ஓல்ட் கிரவுன்’ பப் கைமாறும் நிலை வந்தபோது, நூற்றுக்கு மேற்பட்டோர் பங்கு போட்டு 2003இல் அதை வாங்கினார்கள். பிரிட்டனின் முதல் கூட்டுறவு பப் என்று அதைச் சொல்கிறார்கள். பப்பின் பின்புறக் களஞ்சியத்தில் ஒரு சிறு ஏல் ஆலையும் இருக்கிறது. அதுவும் கூட்டுறவுதான். அங்கே காய்ச்சும் ஏல்களில் பலவற்றுக்கு ஸ்கிடா, பிளென்காத்ரா என்று சுற்றியுள்ள மலைகளின் பெயர்களைத்தான் வைத்திருக்கிறார்கள்.